காருக்கு வயது கேட்கிறோம், ஹோஸுக்குக் கேட்டோமா?

பதினைந்து வருடம் ஓடிய காரின் பதிவைப் புதுப்பிக்கப் போனால், முதல் கேள்வியே அதன் வயதுதான். கட்டணமும் வயதை வைத்துத்தான். 2022 ஏப்ரலில் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் காரும் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் காரும் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த வழக்கு அதன் பிறகு பல திருப்பங்களைக் கண்டுவிட்டது. ஆனால் பழைய கார் என்றாலே அதன் பிறந்த வருடத்தை வைத்து முடிவு கட்டும் மனப்பான்மை மட்டும் மாறவில்லை.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரும்புக்கு நிலை பார்க்க வேண்டும். ரப்பருக்குத்தான் வயது பார்க்க வேண்டும். நாம் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம். துரு ஏறாத, நன்றாகப் பராமரித்த ஐம்பது வருட சேஸி இன்னும் ஐம்பது வருடம் தாங்கும். அதே காரின் பானெட்டுக்குள், பவர் ஸ்டியரிங் பம்பிலிருந்து இறங்கும் இரண்டடி நீள ஹோஸ் பதினைந்து வருடத்தில் செத்துப்போயிருக்கும். அதன் வயதை அரசாங்கமும் கேட்பதில்லை, மெக்கானிக்கும் கேட்பதில்லை, காருக்குச் சொந்தக்காரரும் கேட்பதில்லை.

நான் அம்பத்தூரில் குடியிருப்பவன். ரப்பர் ஹோஸ் தயாரிக்கும் ஆலையின் சோதனைக்கூடத்தில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. ஹோஸை எண்ணெயில் ஊறவைப்பது, அடுப்பில் வேகவைப்பது, அழுத்தம் ஏற்றி வெடிக்க வைப்பது, வெடித்ததை அறுத்துப் பார்த்து ஏன் வெடித்தது என்று எழுதிவைப்பது, இவைதான் என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு, பழைய கார் வைத்திருப்பவர்கள் கான்டெஸா, எஸ்டீம், டாடா சியரா, மெர்சிடிஸ் என்று ஏதாவது ஒன்றின் ஹோஸைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். “இதே மாதிரி எங்கே கிடைக்கும் சார்?” என்று கேட்பார்கள். கழற்றிய பழைய ஹோஸை என்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்வேன். அறுத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

பவர் ஸ்டியரிங் என்பது புதிய சங்கதி இல்லை. பியர்ஸ் ஆரோ நிறுவனத்தில் வேலை பார்த்த பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் 1926-லேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டியரிங்கை ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விற்பனைக்கு வரும் கார் ஒன்றில் அதைக் கொண்டுவந்தது கிறைஸ்லர், 1951-ல், இம்பீரியல் காரில். இன்றைய புதிய கார்களில் பெரும்பாலானவற்றில் மின்மோட்டார் அந்த வேலையைச் செய்கிறது. எண்ணெயும் இல்லை, ஹோஸும் இல்லை. நடுவில் வந்த ஐம்பது அறுபது வருடத்துப் பவர் ஸ்டியரிங் கார்களெல்லாம், ரசிகர்கள் இன்று கிளாசிக் என்று போற்றும் பல கார்கள் உட்பட, இந்த ரப்பரை நம்பித்தான் திரும்புகின்றன.

அந்த ரப்பர் தாங்கும் சுமை எவ்வளவு என்பது ஓட்டுபவருக்குத் தெரிவதே இல்லை. கார் டயரில் காற்று சுமார் 30 பிஎஸ்ஐ. நேர்ச்சாலையில் போகும்போது ஸ்டியரிங் ஹோஸில் அழுத்தம் அதைவிடச் சில மடங்குதான். அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில், இரண்டு தூண்களுக்கு நடுவே, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை ஒடித்து, கடைசி வரை போனதும் அங்கேயே அழுத்திப் பிடித்தால் அது 1,000 முதல் 1,500 பிஎஸ்ஐ வரை எகிறும். பம்பிலுள்ள ரிலீஃப் வால்வு திறந்து காப்பாற்றாவிட்டால் இன்னும் ஏறும். சென்னையில் கார் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் இது நடக்கிறது. உள்ளே ஓடும் எண்ணெயின் வெப்பம் 100 டிகிரியைத் தொடுவதும் சகஜம். மே மாதம், ஏசி ஓடிக்கொண்டிருக்க, கிண்டியில் சிக்னலுக்காக நிற்கும் காரின் பானெட்டுக்குள் காற்று அசைவதே இல்லை.

அதனால் இந்த ஹோஸை வெறும் ரப்பர்க் குழாய் என்று எண்ணிவிட முடியாது. உள்ளே எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பர். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் பால் எடுக்கிறோமே, அந்த இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊதிப் பெருத்துக் குழைந்துவிடும். அதனால்தான் 1930களில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் உருவாக்கிய நைட்ரைல் ரப்பரும் அதன் வழித்தோன்றல்களும் இங்கே வேலை செய்கின்றன. அதன்மேல் நைலான் நூலால் பின்னிய ஒன்றிரண்டு அடுக்குகள். அதற்கும் மேல் வெயிலையும் வெப்பத்தையும் ஓசோனையும் தாங்கும் உறை. ஏன் நைலான், ஏன் இரும்புக் கம்பி இல்லை என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறேன். பாதிக்குப் பாதிப் பேர் கோட்டை விடுவது அங்கேதான்.

சில மாதங்களுக்கு முன் கீழ்ப்பாக்கத்தில் ஒரு டாக்டரம்மா வைத்திருக்கும் மெர்சிடிஸ் காரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். டபிள்யூ 124 வகை. மெர்சிடிஸ் இந்தியாவில் தயாரித்த முதல் மாடல் அதுதான். 1995-ல் புனேயில் டெல்கோ ஆலையில் ஒன்றுசேர்க்கத் தொடங்கினார்கள். கார் பளபளவென்று இருந்தது. பெயின்ட் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, சீட்டுக்குப் புதுத் தோல், வீல் கப்பெல்லாம் புதுசு. ஸ்டியரிங் பெட்டிக்குக் கீழே மட்டும் தரையில் ஒரு கையகலக் கறை.

“ஆயில் கொஞ்சம்தான் சார் குறையுது, மாசத்துக்கு ஒரு தடவை ஊத்திக்கிட்டா போதும்” என்றார் அவரிடம் வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக். நல்ல கைவேலைக்காரர், எஞ்சினைக் காதால் கேட்டே கோளாறு சொல்லக்கூடியவர். டாக்டரம்மாவோ, “இத்தனை வருஷமா இந்த ஹோஸ் ஒன்னும் சொல்லலியே” என்றார். இரண்டு பேச்சிலும் இருப்பது ஒரே நம்பிக்கை: இதுவரை தாங்கியது இனியும் தாங்கும். இரும்பு விஷயத்தில் அது பெரும்பாலும் சரி. ரப்பர் விஷயத்தில், இதுவரை தாங்கியது என்பதே இனி தாங்காது என்பதற்கான காரணம்.

அவரிடம் நான் கேட்டது இதுதான்: “அம்மா, காலாவதியான மருந்தை, இவ்வளவு நாள் பாட்டில் உடையாமல் இருந்தது என்பதற்காக நோயாளிக்குக் கொடுப்பீர்களா?” அதற்கு மேல் அவர் வாதிடவில்லை. ஹோஸை மாற்றச் சொல்லிவிட்டார்.

கழற்றிய ஹோஸை வீட்டுக்குக் கொண்டுவந்து நீளவாக்கில் அறுத்தேன். மேலுறை பார்க்க நன்றாகவே இருந்தது; யாரோ டயர் பாலிஷ் போட்டுக் கறுப்பாக்கியிருந்தார்கள். உள்சுவர் விறைத்து, வளைத்தால் பொருபொருவென்று வெடித்தது. உள்ளே குறுக்கும் நெடுக்குமாக வறண்ட ஏரிப்படுகை போல விரிசல். இரும்பு முனையை ஒட்டிய இடத்தில் நைலான் பின்னல் எண்ணெயில் ஊறிப் பழுப்பேறியிருந்தது. ரப்பர்த் துகள்கள் உதிர்ந்து எண்ணெயோடு போயிருந்தன என்பதற்கு, அந்தக் காரின் ஸ்டியரிங் ஆயில் தொட்டிக்குள் இருந்த வடிகட்டியே சாட்சி. கறுத்த மாவு போல அப்பியிருந்தது. அந்தத் துகள்தான் அடுத்து பம்பின் இறக்கைகளைத் தேய்க்கும், ஸ்டியரிங் பெட்டிக்குள் உள்ள வால்வில் போய் மாட்டும். சில ஆயிரம் ரூபாய் ஹோஸை மாற்றாமல் விட்டவர்கள், பிறகு பம்புக்கும் பெட்டிக்கும் அதைப் போலப் பல மடங்கு கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ரப்பர் ஏன் இப்படி ஆகிறது? வெப்பம்தான் முதல் எதிரி. ரப்பரை நெகிழ்வாக வைத்திருக்கச் சேர்க்கும் மென்மையூட்டிகளை எண்ணெய் மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து ரப்பர் மூலக்கூறுகளுக்கு இடையே புதிய கட்டுகளைப் போட்டுக்கொண்டே போகின்றன. கட்டு கூடக்கூட ரப்பர் விறைக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரி கூடினால் ரப்பரின் ஆயுள் பாதியாகும். துல்லியமான விதி இல்லை, ஆனால் பெரிதாகத் தவறியதும் இல்லை. குளிர்நாட்டில் இருபது வருடம் உழைத்த ஹோஸ் என்று யாராவது சொன்னால், அதைச் சென்னைக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டி ஓடும் ஹோஸுக்கும், அதே காரில் முன்பக்கக் காற்று படும் இடத்தில் இருக்கும் ஹோஸுக்கும்கூட ஆயுள் ஒன்றில்லை.

“நான் காரை அதிகம் ஓட்டுவதே இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்” என்பவர்கள் இன்னொரு வகை. ஓட்டாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். ஷெட்டில் நிற்கும் காரின் ஹோஸ் ஓசோனிலும் ஆக்சிஜனிலும்தான் நிற்கிறது. கிலோமீட்டர் கணக்கு எஞ்சினுக்கு. நாட்காட்டிக் கணக்கு ரப்பருக்கு.

இதிலிருந்துதான் எனக்கு மிகவும் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். பழைய கார் உலகத்தில் “பெட்டி பிரிக்காத பழைய சரக்கு” என்றால் தனி மரியாதை. கம்பெனி முத்திரையோடு, மஞ்சளேறிய அட்டைப்பெட்டிக்குள், கம்பெனி நம்பர் ஒட்டிய பாகம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எந்தக் கடையின் பரணிலாவது அப்படி ஒன்று அகப்பட்டால் புதையல் எடுத்தது போல வாங்கிவருகிறார்கள். ஹெட்லைட் வளையமோ கதவுக் கைப்பிடியோ என்றால் நானும் மகிழ்வேன். ஸ்டியரிங் ஹோஸ் என்றால் அது பரணிலேயே முப்பது கோடையைக் கண்ட கிழட்டு ரப்பர். அதற்குப் புதிய ஹோஸ் என்று பெயர் வைக்க முடியாது. ஜெர்மனியின் டின் 20066 தரநிலை, ஆலை இயந்திரங்களில் உள்ள ஹைட்ராலிக் ஹோஸுக்கு ஆறு வருடம்தான் ஆயுள் தருகிறது. அந்த ஆறிலும் சரக்கறையில் கிடக்கும் காலம் இரண்டு வருடத்தைத் தாண்டக் கூடாது. காருக்கும் அதே ஆறு வருடத்தை விதியாக்கு என்று நான் கேட்கவில்லை. பத்து வருடம் என்பது என் கணக்கு. எக்ஸாஸ்ட்டை ஒட்டி ஓடினால் ஏழெட்டு. ஆனால் பெட்டிக்குள் இருந்த காலமும் வயதில் சேரும் என்ற பாடத்தை அந்தத் தரநிலையிடமிருந்து நாம் கற்க வேண்டும். புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து கழற்றி விற்கும் ஹோஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கியர்பாக்ஸ் வாங்குங்கள், கதவு வாங்குங்கள், ரேடியேட்டர் கிரில் வாங்குங்கள். ஹோஸ் வாங்காதீர்கள்.

ஹோஸ் வெடித்தால் என்ன ஆகும்? ஸ்டியரிங் கழன்றுவிடாது, பூட்டிக்கொள்ளவும் செய்யாது. சக்கரத்துக்கும் கைக்கும் உள்ள இரும்பு இணைப்பு அப்படியேதான் இருக்கும். ஆனால் ஒரு விரலால் ஒடித்துப் பழகிய கனமான கார், திருப்பத்தின் நடுவில், ஒரு நொடியில் இரண்டு கையாலும் இழுத்தாலும் வராத கார் ஆகிவிடும். கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவில், எழுபது வயதுக்காரர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அப்படி ஆவதை எண்ணிப் பாருங்கள். பழைய கார்களை ஆசையாக வைத்திருப்பவர்களில் பலர் வயதில் மூத்தவர்கள்.

அதைவிடப் பயங்கரம் நெருப்பு. ஆயிரம் பிஎஸ்ஐயில் இருக்கும் எண்ணெய், ஊசித்துளை வழியாக வெளியே வரும்போது சொட்டாது. புகை போலச் சிதறும். ஓடும் எஞ்சினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் 400 டிகிரியைத் தாண்டும். சிதறிய எண்ணெய் அதன்மேல் பட்டால் பற்றிக்கொள்ளக்கூடும். இது என் கற்பனைப் பயம் இல்லை. 2012-ல் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில், 2003 முதல் 2007 வரையிலான மாடல் அக்கார்ட் வி6 கார்களில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. காரணம், பானெட்டுக்குள் உள்ள நீடித்த வெப்பத்தால் பவர் ஸ்டியரிங் ஹோஸ் கெட்டு விரிசல் விட்டு, கசியும் எண்ணெய் சூடான கேட்டலிடிக் கன்வர்ட்டர்மேல் விழுந்து தீப்பிடிக்கலாம் என்பது. அந்தக் கார்களுக்கு அப்போது ஐந்து முதல் ஒன்பது வயதுதான். நம்மூரில் முப்பது வயதுக் கார்கள் பிறந்தபோது போட்ட ஹோஸோடு ஓடிக்கொண்டிருக்கின்றன.

சரி, மாற்றலாம் என்று முடிவெடுத்தவர்களும் தவறான ஹோஸைப் போட்டு விடுகிறார்கள். கம்பெனி ஹோஸ் கிடைக்காத கார்களுக்கு வழி, பழைய ஹோஸின் இரு முனையிலும் உள்ள இரும்புக் குழாயையும் நட்டையும் காப்பாற்றி, நடுவே புதிய ஹோஸை வைத்துக் கிரிம்பிங் செய்வது, அதாவது முனைகளை இயந்திரத்தால் நெரித்துப் பிடிக்க வைப்பது. அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் ஜேசிபி, கிரேன் வண்டிகளுக்கு ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. அங்குள்ள பையன்களின் கைத்திறமைக்கு நான் வணக்கம் சொல்வேன். ஆனால் அவர்கள் கையில் இருப்பது இரும்புக் கம்பிப் பின்னல் போட்ட ஆர்1, ஆர்2 ஹோஸ். “ஜேசிபிக்கே தாங்குது சார், காருக்குத் தாங்காதா?” என்பார்கள். தாங்கும், அழுத்தத்தைத் தாங்கும். 3/8 அங்குல ஆர்1 ஹோஸின் வேலை அழுத்தமே 2,600 பிஎஸ்ஐ. வெடிக்க அதைப் போல நாலு மடங்கு வேண்டும்.

ஆனால் கார் ஸ்டியரிங் ஹோஸுக்கு வலிமை மட்டும் போதாது. பம்பின் இறக்கைகள் ஒவ்வொன்றும் எண்ணெயைத் தள்ளும்போது அழுத்தம் துடிக்கிறது. நைலான் பின்னல் போட்ட ஹோஸ் அந்தத் துடிப்புக்கு ஏற்ப இம்மியளவு விரிந்து சுருங்கி அதை விழுங்கிவிடும். அமெரிக்க எஸ்ஏஇ அமைப்பின் ஜே188 என்ற தரநிலை இந்த விரிந்து கொடுக்கும் ஹோஸுக்காகவே எழுதப்பட்டது. திரும்பி வரும் குறைந்த அழுத்த ஹோஸுக்கு ஜே189. இரும்புப் பின்னல் விரிந்து கொடுக்காது. துடிப்பு அப்படியே ஸ்டியரிங்குக்கு வரும், கார் சிணுங்கும், கைக்கு அதிர்வு தெரியும், முனைகளில் உள்ள இணைப்புகள் அலுத்துப்போகும். அதோடு இரும்பு ஹோஸ் முறுக்கமாக இருப்பதால் கார் கம்பெனி வைத்த வளைவில் அது வளையாது. வலுக்கட்டாயமாக வளைத்துப் போட்டால், கிரிம்பிங் செய்த கழுத்தில் ஒரு நாள் விட்டுவிடும். அதனால் ஹோஸ் அடிக்கக் கொடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி “எவ்வளவு தாங்கும்?” என்பதல்ல, “பவர் ஸ்டியரிங்குக்கு உள்ள ஹோஸா, எந்த வருடம் செய்தது?” என்பதே.

திரும்பி வரும் ஹோஸில் நடப்பது இன்னும் மோசம். அழுத்தம் குறைவுதானே என்று ரேடியேட்டர் ஹீட்டர் ஹோஸை வெட்டிச் செருகிக் கிளிப் போட்டு முறுக்கிவிடுகிறார்கள். ரேடியேட்டர் ஹோஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். தண்ணீருக்கும் கூலன்ட்டுக்கும் அது அருமை. மினரல் ஆயில் பட்டால் ஊறிப் பெருத்துக் கூழாகும். சில மாதத்தில் கிளிப்பிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இதற்கு நேர் எதிரான தவறு, ஸ்டியரிங் தொட்டியில் எண்ணெய் குறைந்ததைப் பார்த்து, கையில் இருக்கும் பிரேக் ஆயிலை ஊற்றுவது. பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. நைட்ரைல் சீல்களை அது அழிக்கும். ஒரு முறை ஊற்றினால் பம்ப், பெட்டி, ஹோஸ் மூன்றையும் பிரித்துச் சீல் மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. உங்கள் காரின் கையேடு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) என்றால் ஏடிஎஃப், தனி ஸ்டியரிங் ஆயில் என்றால் அது மட்டுமே.

வேலையைச் செய்யும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல ஹோஸும் மோசமான கையால் கெடும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். நட்டுகளைத் தொடுவதற்கு முன்பே அந்த இடத்தை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு கழுவிவிட வேண்டும். வால்வுக்குள் ஒரு மணல் பருக்கை போனால் போதும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். இத்தனை வருடம் இறுகிய நட்டைச் சாதாரண ஓப்பன் ஸ்பேனரால் முறுக்கினால் அதன் முனை மழுங்கும். பிரேக் லைன் கழற்றும் ஸ்பேனர், ஒரு ராத்திரி ஊறவிட்ட துரு எண்ணெய், எதிர்ப்பக்கத்தைப் பிடிக்க இன்னொரு ஸ்பேனர், இவை மூன்றும் வேண்டும். பேன்ஜோ போல்ட் உள்ள இடத்தில் பழைய காப்பர் வாஷரைத் திரும்பப் போடக் கூடாது. ஒரு முறை நசுங்கிய செம்பு மறுபடி அடைக்காது.

ஹோஸின் மேல் நீளமாக ஒரு வரி எழுத்து அச்சாகியிருக்கும். அளவும் வகையும் தயாரித்த காலாண்டும் வருடமும் அதில் இருக்கும். அதற்கு இன்னொரு பயனும் உண்டு. பொருத்தி முடித்த பிறகு அந்த வரி நேராக ஓடினால் ஹோஸ் முறுகாமல் இருக்கிறது என்று அர்த்தம். திருகுபோலச் சுற்றினால் நட்டைத் தளர்த்தி மறுபடி பொருத்த வேண்டும். முறுகிய ஹோஸ் அழுத்தம் ஏறும்போதெல்லாம் நேராக முயன்று, தன் கழுத்தைத் தானே தளர்த்திக்கொள்ளும். பழைய ஹோஸைப் பிடித்திருந்த பிராக்கெட்டுகளும் ரப்பர்ப் பட்டைகளும் வேண்டாத சாமான் இல்லை. எக்ஸாஸ்ட்டிலிருந்து ஹோஸை விலக்கிவைப்பது அவைதான். ஒர்க்‌ஷாப் தரையில் கிடக்கும் அந்தச் சின்னச் சின்னத் தகடுகளைத் தேடி எடுத்து மாட்டும் மெக்கானிக்கை நான் உயர்வாக மதிக்கிறேன்.

பிறகு காற்று எடுப்பது. முன் சக்கரங்கள் தரையில் படாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, தொட்டியை நிரப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகத் திருப்ப வேண்டும். எண்ணெய் இறங்க இறங்க ஊற்ற வேண்டும். குமிழி நின்ற பிறகுதான் ஸ்டார்ட். அவசரப்பட்டு முதலிலேயே ஸ்டார்ட் செய்தால் பம்ப் காற்றையும் எண்ணெயையும் சேர்த்துக் கடைந்து நுரையாக்கிவிடும். அந்த நுரை அடங்க மணிக்கணக்காகும். ஓடும்போது கசிவு இருக்கிறதா என்று பார்க்கக் கையைக் கொண்டுபோகவே கூடாது. ஊசித்துளையில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே திசு அழுகும், விரலையே எடுக்க நேரலாம். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். ஈரம் அதில் விழும்.

சிலர் “ஒரிஜினல் தன்மை போய்விடுமே” என்று தயங்குகிறார்கள். 2021-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய, மூல வடிவத்தில் பராமரிக்கப்படும் வாகனத்துக்கு ‘விஏ’ எழுத்தோடு தனிப் பதிவு எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய். சேஸியிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதுதான் அதன் நிபந்தனை. ஹோஸை மாற்றக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. கோயம்புத்தூர் ஜிடி கார் அருங்காட்சியகத்தில் நிற்கும் கார்களைப் போல, உங்கள் காரும் ஓரிடத்தில் நின்று பார்க்கப்படுவதற்கு மட்டும் என்றால் பழைய ஹோஸ் இருந்துவிட்டுப் போகட்டும். சாவியைத் திருகிச் சாலைக்கு எடுத்துவருகிறீர்கள் என்றால், எதிரே ஸ்கூட்டரில் குழந்தையோடு வருபவருக்கும் அந்த ஹோஸில் பங்கு இருக்கிறது.

அரசாங்கத்திடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தகுதிச் சோதனையில் பிரேக் பார்க்கிறார்கள், விளக்குப் பார்க்கிறார்கள், புகை பார்க்கிறார்கள், ஸ்டியரிங்கில் எவ்வளவு ஆட்டம் என்று பார்க்கிறார்கள். தானியங்கிச் சோதனை நிலையங்கள் வந்தபின் இவை இன்னும் ஒழுங்காக நடக்கும் என்று நம்புகிறேன். அந்தப் படிவத்தில், பதினைந்து வருடம் தாண்டிய வாகனங்களுக்கு மட்டும் ஒரு வரி சேருங்கள்: பிரேக், பெட்ரோல், ஸ்டியரிங் ஹோஸ்கள் கடைசியாக மாற்றிய வருடம், அதற்கான பில். பில் இல்லையென்றால் மூன்று மாத அவகாசம் கொடுங்கள். இதற்கு எந்த இயந்திரமும் வாங்க வேண்டியதில்லை. வயதைக் காரணம் காட்டி நல்ல காரை உடைக்க அனுப்புவதைவிட, அதில் உண்மையிலேயே வயதான பாகத்தை மாற்றச் சொல்வது உரிமையாளருக்கும் நல்லது, சாலைக்கும் நல்லது.

கிரிம்பிங் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் கொடுக்கும் துண்டுச் சீட்டில் “ஹோஸ் - 1” என்று எழுதாதீர்கள். வகை, அளவு, ஹோஸில் அச்சாகியிருக்கும் காலாண்டும் வருடமும், எத்தனை பிஎஸ்ஐயில் சோதித்தீர்கள் என்பது, இவற்றை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டாக்டரம்மாவின் காருக்கு அடித்துக் கொடுத்த கடைக்காரரிடம் அப்படிக் கேட்டேன். முதலில் ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு எழுதினார், அடியில் கடை முத்திரையும் வைத்தார். வாடிக்கையாளர் நாலு பேர் கேட்டால் அது வழக்கமாகிவிடும். கேளுங்கள், வாங்கி ஆர்சி புத்தகத்தோடு வையுங்கள்.